கொந்தோர் பள்ளியும் எங்கள் பிரெஞ்சும்

ஆங்கில மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளையை ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் ஏன் விழிக்கிறான் என்று நம்மூரில் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பிரெஞ்சில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. என்னிடம் ரகசியம் ஏதும் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு 1936லேயே ஒரு பள்ளிக்கூடம் விடை கண்டு நடத்திக் காட்டியிருக்கிறது. கிழக்கு ஜாவாவில், வயல்களுக்கு நடுவே, கொந்தோர் என்ற கிராமத்தில் இருக்கிற முஸ்லிம் விடுதிப் பள்ளி அது. அதைப் பற்றி நான் வாசித்துச் சேர்த்துவைத்ததை இன்று எழுதுகிறேன்.

கொந்தோர் இருப்பது பொனொரோகோ மாவட்டத்தில். அந்த ஊர் ஆட்டத்துக்குப் பேர் போனது. மயில்தோகையை விசிறியாக விரித்து வைத்த பிரம்மாண்டமான புலிமுகம் ஒன்றைப் பல்லால் கடித்துத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். ரியோக் என்று பெயர். நம்மூர்க் கரகமும் பொய்க்கால் குதிரையும் அதன் பக்கத்தில் குழந்தை விளையாட்டு. அந்த மாவட்டத்திலேயே தெகல்சாரி என்ற இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பெரிய மதப் பள்ளி ஒன்று நடந்தது. அதன் கிளை போலத் தோன்றியதுதான் பழைய கொந்தோர். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது பழைய கொந்தோர் ஏறக்குறைய அணைந்துபோயிருந்தது.

இத்தகைய விடுதிப் பள்ளிகளை அங்கே பெசாந்த்ரென் என்கிறார்கள். போண்டோக் என்றும் சொல்வது உண்டு. அங்கே தங்கிப் படிக்கும் மாணவன் சாந்த்ரி. இந்தச் சொல் தமிழிலிருந்து போனது என்று எழுதிய மேல்நாட்டு அறிஞர் உண்டு, சாஸ்திரி என்ற வடசொல்லின் திரிபு என்று சொன்னவரும் உண்டு. எனக்குத் தெரிந்த தமிழில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. சாஸ்திரிதான் பொருந்துகிறது. நமக்குப் பெருமை சேர்க்கிறதே என்பதற்காக எல்லாவற்றையும் நம்முடையது என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

பழைய பெசாந்த்ரென்களில் கியாய் எனப்படும் குரு அரபு நூலை வாசித்து, வரிக்கு வரி ஜாவா மொழியில் பொருள் சொல்வார். மாணவர்கள் தரையில் உட்கார்ந்து நூலின் வரிகளுக்கு அடியில் பொருளைக் குறித்துக்கொள்வார்கள். பத்து வருஷம் இப்படிப் படித்தவன் கடினமான அரபு நூலையும் வாசித்துவிடுவான். ஓர் அரபு வியாபாரி எதிரே வந்து நலமா என்று கேட்டால் பதில் வராது. நாம் லத்தீனையும் சமஸ்கிருதத்தையும் படிப்பித்த அழகுதான் அதுவும்.

1926ல் மெக்காவில் உலக முஸ்லிம் மாநாடு ஒன்று கூடியது. நம் நாட்டிலிருந்து அலி சகோதரர்கள் அதற்குப் போனார்கள் என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போது இந்தோனேசியா டச்சுக்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து யாரை அனுப்புவது என்று முஸ்லிம் தலைவர்கள் சுரபாயாவில் கூடிப் பேசினார்கள். போகிறவருக்கு அரபும் தெரிய வேண்டும், ஆங்கிலமும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்த ஒருவர் அத்தனை பேரிலும் கிடைக்கவில்லை. கடைசியில் ஆங்கிலத்துக்கு ஒருவர், அரபுக்கு ஒருவர் என்று இரண்டு பேரை அனுப்பினார்கள். ஆங்கிலத்துக்குப் போனவர் ஓ. எஸ். சோக்ரோஅமினோதோ, சுகர்னோ இளமையில் யார் வீட்டில் தங்கிப் படித்தாரோ அவர். அரபுக்குப் போனவர் மாஸ் மன்சூர்.

கொந்தோர் குடும்பத்தைச் சேர்ந்த அகமத் சஹல் இந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தார் என்றும், இரண்டு மொழியும் தெரிந்த ஆளை நாமே உண்டாக்குவோம் என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது என்றும் அந்தப் பள்ளியார் சொல்கிறார்கள். அதே 1926ல் சஹல், ஜைனுத்தீன் ஃபனானி, இமாம் சர்கஷி என்ற மூன்று சகோதரர்களும் சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளியாக அதைத் திரும்பத் தொடங்கினார்கள். இளையவர் சர்கஷி படிப்பதற்காக சோலோ போனார், அங்கிருந்து சுமத்ரா போனார். பதாங் நகரில் மஹ்மூத் யூனுஸ் என்பவரிடம் படித்தார். யூனுஸ் கெய்ரோவில் படித்துத் திரும்பியவர். மொழிபெயர்க்காமல், அந்த மொழியைக் கொண்டே அந்த மொழியைக் கற்பிக்கும் நேர்முறையை அவர் அரபுக்குக் கொண்டுவந்தார். சர்கஷி அதைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1936 டிசம்பரில் ஆறு வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கினார்.

நேர்முறை எனக்குப் புதிதில்லை. மெதோத் திரெக்ட் என்று பிரான்சில் 1902ல் அரசாங்கமே அயல்மொழி வகுப்புகளுக்கு அதை உத்தரவாகப் போட்டது. அதற்கு முன்பே 1878ல் அமெரிக்காவில் பெர்லிட்ஸ் என்பவர் தற்செயலாக அதைக் கண்டுபிடித்ததாக அந்த நிறுவனத்தார் கதை சொல்வார்கள். பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க அவர் வைத்த உதவியாளருக்கு ஆங்கிலமே தெரியாதாம். பெர்லிட்ஸ் காய்ச்சலாய்ப் படுத்திருந்த சில வாரங்கள் அந்த மனிதர் கையையும் முகத்தையும் ஆட்டியே பாடம் நடத்தினார். எழுந்துவந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஆனால் பெர்லிட்ஸுக்கும் பிரான்சுக்கும் அது வகுப்பறைக்குள் மட்டுந்தான். மணி அடித்தால் முடிந்தது. சர்கஷி அதை வகுப்பறையை விட்டு வெளியே கொண்டுபோனார்.

1936ல் ஜாவாவில் ஒரு பையன் முன்னுக்கு வர வேண்டுமானால் படிக்க வேண்டிய மொழி டச்சு. டச்சுப் பள்ளி, டச்சு சர்டிபிகேட், அதன்மேல் ஒரு குமாஸ்தா வேலை. நம் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு எப்படியோ அப்படி. அந்தச் சகோதரர்கள் டச்சை விட்டுவிட்டு ஆங்கிலத்தை எடுத்தார்கள். அதில் உத்தியோகமும் கிடையாது, ஆள்கிறவனின் தயவும் கிடையாது. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் அது பெரிய தீர்க்கதரிசனமாகத் தெரிகிறது. அன்றைக்கு ஊரார் கண்ணில் அது கிறுக்குத்தனம். மதப் பள்ளியில் பெஞ்சு, ஆசிரியர் காலில் பேண்ட், கழுத்தில் டை, படிப்பது காபிர்களின் பாஷை! பிள்ளைகளைப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தவர்கள் பதினாறு பேராகக் குறைந்தார்கள் என்று பள்ளியின் வரலாறு சொல்கிறது. சகோதரர்கள் திட்டத்தை மாற்றவில்லை. ஜப்பானியர் வந்து போனார்கள். 1948ல் பக்கத்து மதியூனில் கம்யூனிஸ்ட் கலகம் மூண்டபோது பள்ளியே காலியாகிக் குகையில் ஒளிய நேர்ந்தது. அதையும் கடந்து பள்ளி நடந்தது.

சரி, அங்கே எப்படித்தான் பேசவைக்கிறார்கள்? புதிதாய்ச் சேரும் பையனுக்கு முதல் சில மாதங்கள் இந்தோனேசிய மொழி பேசச் சலுகை உண்டு. அதற்குப் பிறகு வளாகத்துக்குள் இரண்டே மொழிகள்தான், அரபும் ஆங்கிலமும். அவை வாரக்கணக்கில் முறை மாறி வரும். அரபு முறையில் ஆங்கிலம் பேசினாலும் குற்றந்தான். ஜாவா, சுந்தா, மதுரா என்று வீட்டுப் பாஷை எதுவும் கூடாது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மூத்த மாணவன் ஒருவன் புதுச் சொற்களைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து உரக்கத் திருப்பிச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதி, அதை வைத்து வாக்கியம் செய்ய வேண்டும். அந்தச் சொற்கள் புத்தகச் சொற்களாக இருப்பதில்லை. வாளி, துடைப்பம், சோப்பு, தலையணை உறை. வாரத்தில் சில காலைகளில் இருவர் இருவராக நின்று உரையாட வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை மேடைப் பேச்சு, அரபில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, இந்தோனேசிய மொழியில் ஒன்று. எழுத்துத் தேர்வுக்கு முன்னால் ஒரு தனி வாய்மொழித் தேர்வு. ஆசிரியர்களில் பெரும்பாலோர் அங்கேயே படித்து முடித்த இளைஞர்கள். வெள்ளைக்காரர் கிடையாது.

குளியலறை வரிசையில் முண்டியடிக்கிறவனை ஆங்கிலத்தில் திட்ட வேண்டும். சோறு போடுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பந்தை இங்கே தட்டு என்று ஓடிக்கொண்டே கத்த வேண்டும். யோசித்து இலக்கணம் பார்த்தால் பந்து போய்விடும். சுற்றியிருக்கிற எல்லாரும் அதே அளவுக்குத் தப்பாய்ப் பேசுவதால் சிரிப்பதற்கும் ஆளில்லை.

இங்கே எங்கள் கதையைச் சொல்லாமல் தீராது. 1954 நவம்பரில் புதுவை இந்தியாவோடு சேர்ந்த பிறகும், 1962ல் அது சட்டப்படி முடிந்த பிறகும், பிரெஞ்சு மீடியம் பள்ளிகள் தொடர்ந்தன. நான் அப்படி ஒன்றில் படித்தேன். வகுப்பில் முசியே வாயசைத்தால் பிரெஞ்சு. கணக்கு, பூகோளம், விஞ்ஞானம் எல்லாம் பிரெஞ்சு. லா ஃபோந்தேன் கதைப் பாட்டுகள் இன்றைக்கும் என் நாக்கில் இருக்கின்றன. மணி அடித்து மைதானத்துக்கு வந்தால் அத்தனை பேரும் தமிழ். கோலி, பம்பரம், சண்டை, சமாதானம், எல்லாம் தமிழ். அதனால் எங்களுக்கு சீன் நதியின் கிளை நதிகள் பிரெஞ்சில் வரும், செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்ல வராது.

அதே நேரத்தில் எங்கள் தெருவில் சொல்தாக்கள் இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்கள். அவர்களில் பலர் பள்ளியில் அதிகம் படித்தவர்கள் இல்லை. பிரெஞ்சில் கடிதம் எழுதத் தெரியாமல் எங்களைப் போன்ற பையன்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்வார்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் அருவிதான்! எங்கள் முசியேவுக்கே தெரியாத வசவுகள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாங்கள் இலக்கணம் திருத்துவோம், அவர்கள் பேசுவார்கள். பட்டாள பராக்கும் கொந்தோர் விடுதியும் ஒரே வகைப் பள்ளிக்கூடங்கள்.

என் ஆங்கிலமும் அப்படி வந்ததுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்தபோது பைல்கள் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன. செக்ஷனில் மாஹேக்காரர் ஒருவர், யானாம்காரர் ஒருவர், வெளி மாநிலத்திலிருந்து வந்த சூப்பரிண்டெண்ட். ஒருவருக்கு மலையாளம், ஒருவருக்குத் தெலுங்கு, சூப்பரிண்டெண்டுக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. டீ வாங்கிவரச் சொல்வதிலிருந்து லீவு கேட்பதுவரை வேறு வழியில்லை. இரண்டு வருஷத்தில் பேச்சு வந்துவிட்டது. கோச்சிங் ஏது, கேசட் ஏது?

அந்தக் காலத்தில் என்னை மிகவும் தயங்கவைத்தது 'யூ' என்ற சின்னச் சொல். பிரெஞ்சில் முசியேவுக்கு வூ, கூட்டாளிக்கு த்யூ. தமிழில் நீங்கள், நீ. சூப்பரிண்டெண்டைப் பார்த்து யூ என்று சொல்ல நாக்கு கூசும், அதனால் வாக்கியத்துக்கு இரண்டு சார் போட்டு நிரவுவேன். ஜாவாக்காரர் நிலை நம்மைவிடச் சிக்கல். அவர்கள் மொழியில் பெரியவரிடம் பேச ஒரு சொற்கூட்டம், சமமானவரிடம் பேச வேறொரு சொற்கூட்டம். சாப்பிடு, தூங்கு, போ என்பதற்கெல்லாம் ஆளுக்கு ஏற்ற தனித்தனிச் சொல். யார் உயர்ந்தவன் என்று தீர்மானிக்காமல் வாயே திறக்க முடியாது. பிரபுவின் மகனும் குடியானவன் மகனும் ஒரே அறையில் படுக்கிற விடுதியில் ஆங்கில யூவும் அரபு அன்தவும் அந்த ஏற்ற இறக்கத்தை ஒரே நாளில் துடைத்துவிடும். வீட்டுப் பாஷை கூடாது என்றதற்கு ஊர்வாரியாகக் கூட்டம் சேரக் கூடாது என்பது ஒரு காரணம். இதுவும் சேர்ந்து வேலை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி, எனக்குப் பிடிக்காத பகுதி. தடுத்த மொழியைப் பேசி மாட்டிக்கொண்ட பையன் மொழிக் கோர்ட்டில் நிற்க வேண்டும். நடத்துபவர்கள் மூத்த மாணவர்களே. தண்டனையாக அவனுக்கு ஓர் உத்தியோகம் தருவார்கள், பெயர் ஜாஸூஸ். இந்திப் படம் பார்த்தவர்களுக்குப் பொருள் தெரியும், ஒற்றன். அவன் தன்னைப் போலத் தப்புச் செய்கிற வேறு பையன்களைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி மாட்டியவன் அடுத்த ஜாஸூஸ். யாரிடம் அன்றைக்கு அந்த வேலை இருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஆகவே நண்பனிடம்கூட வாய் தவறாமல் பேச வேண்டும். அகமத் ஃபுவாதி என்ற முன்னாள் மாணவர் 2009ல் எழுதிப் பிரபலமான 'நெகெரி 5 மெனாரா' நாவலில் இந்த ஒற்றர் வேலை வருகிறது. அந்த நாவல் பிறகு சினிமாவாகவும் வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு பிரெத்தாஞ் ஞாபகம் வந்தது. பிரான்சின் மேற்கு மூலையில் பிரெத்தோன் மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு புகட்டிய கதை. தாய்மொழி பேசிய பையன் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ மாட்டுவார்கள், சேம்போல் என்று அதற்குப் பெயர். அவன் இன்னொருவனைப் பிடித்துக் கொடுத்து அதைக் கைமாற்றலாம். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. வேல்ஸிலும் இதே வித்தை இருந்தது. கென்யாவில் தம் பள்ளியில் கைமாறிய பொத்தானைப் பற்றி எழுத்தாளர் கூகி எழுதியிருக்கிறார். பிரெத்தாஞ் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பாட்டியின் பாஷை தெரியாது.

கொந்தோரில் அந்த விளைவு வரவில்லை. வந்த பையன்கள் வீட்டுக்குப் போனால் ஜாவா பேசுகிறார்கள், மதுரா பேசுகிறார்கள். உன் தாய்மொழி கேவலம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, இங்கிருக்கிற வருஷங்களுக்கு அதை மூட்டைகட்டி வை என்கிறார்கள். அந்த வித்தியாசம் பெரியது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பன்னிரண்டு வயசுப் பையனிடம் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிற வேலையைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சின்னவர்களை அடக்கும் அதிகாரத்தை மூத்த மாணவர் கையில் விடுவது எங்கே போய் முடியலாம் என்பதற்கு 2022 ஆகஸ்டில் அங்கே நடந்தது சாட்சி. மூத்த மாணவர்கள் அடித்ததில் ஒரு பையன் இறந்துபோனான். அது மொழி சம்பந்தமான தண்டனை இல்லை, முகாம் சாமான்கள் பற்றிய விவகாரம். பள்ளி மன்னிப்புக் கேட்டது, வழக்கும் நடந்தது. ஆங்கிலம் எத்தனை நன்றாக வந்தால்தான் என்ன, அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது?

பேச்சின் தரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒருவராகப் பையன்களே கற்றுக்கொள்வதால், இந்தோனேசிய வாக்கியம் ஆங்கில உடுப்புப் போட்டு வரும். தீடாக் ஆப்பா-ஆப்பா என்றால் பரவாயில்லை என்று பொருள். ஆப்பா என்றால் என்ன. ஆகவே 'நோ வாட் வாட்' என்று அந்த ஊர்க்காரர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். ஒருவன் செய்த தப்பு அறை முழுக்கப் பரவி மரபாகிவிடும், திருத்த ஆள் இல்லை. நாம் சிரிக்க உரிமையில்லை. நம்மூர் ஆபீஸ்களில் 'டுடே ஒன்லி' வந்து சேராத பைல் உண்டா? தப்போடு பேச ஆரம்பித்தவன் பின்னால் திருத்திக்கொள்கிறான், திருத்தமாகத்தான் பேசுவேன் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருக்கிறான். என் வகுப்புத் தோழர்களில் சிலர் பிரெஞ்சுக்கு இன்னும் காத்திருக்கிறார்கள்.

1958ல் மூன்று சகோதரர்களும் பள்ளியைத் தங்கள் பிள்ளைகளுக்கு என்று வைத்துக்கொள்ளாமல் வக்ஃபாக எழுதிப் பழைய மாணவர் பதினைந்து பேர் கையில் ஒப்படைத்தார்கள். ஃபனானி 1967லும், சஹல் 1977லும், சர்கஷி 1985லும் காலமானார்கள். 1990ல் மான்திங்கானில் பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி வந்தது. மற்ற தீவுகளில் கிளைகள் வந்தன. இந்த முறையைப் பார்த்து நடத்தும் பள்ளிகள் இந்தோனேசியா முழுவதும் இருக்கின்றன.

ஒரு குமாஸ்தாவாக என்னை ஆச்சரியப்படுத்திய விஷயம் சர்டிபிகேட். எகிப்து அரசு அந்தப் பள்ளியின் சான்றிதழை 1957லேயே அங்கீகரித்தது. சொந்த நாட்டு மத விவகார அமைச்சகம் அங்கீகரிக்க 1998 ஆயிற்று, கல்வி அமைச்சகம் 2000ல்தான் கையெழுத்துப் போட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக, எல்.டி.சி. வேலைக்கு மனுப் போடவும் உதவாத காகிதத்துக்காகப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். நூர்சோலிஷ் மஜீத் என்ற பையன் 1960ல் அந்தக் காகிதத்தோடு வெளியே வந்தான். 1984ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அரபு மூல நூல்களைப் படித்து, ஆங்கிலத்தில் ஆய்வு எழுதி. சுரபாயாவில் 1926ல் தேடியும் கிடைக்காத ஆள் அப்படிப்பட்டவர்தான்.